பெரிய வெள்ளியன்று அணைக்கப்படாத ஒரு போன்

அவசர எண்ணுக்குப் போகும் அழைப்பு தனியாகப் போகக் கூடாது. அழைப்பவர் எங்கே இருக்கிறார் என்ற விவரமும் கூடவே கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர வேண்டும். போன் யாருடையது, எந்தக் கம்பெனியின் சிம், பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதெல்லாம் அந்த நேரத்தில் கேள்வியே இல்லை. இது விதி. தொலைபேசித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை நான் எழுதவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன், தேர்வில் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன், தவறாக எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். எனக்கே ஒருநாள் அது தேவைப்படும் என்று நினைத்ததில்லை.

தேவைப்பட்ட நாள் இந்த வருஷத்துப் பெரிய வெள்ளி. அன்று நான் ஒரு லிஃப்டுக்குள் சாகக் கிடந்தேன். இதை வாசிக்கிற சகோதர சகோதரிகளில் பலர் அன்று அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் முழங்காலில் இருந்தீர்கள். ஆகவே நடந்ததை முறையாகச் சொல்லிவிடுவது என் கடமை.

கன்னட நாட்டுத் தலைநகரில், ஆஸ்டின் டவுனில் இருக்கிற எங்கள் தமிழ் ஆலயத்தை ஒட்டி ஒரு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே மண்டபம், நடுவில் ஓய்வுநாள் பள்ளி வகுப்புகள், மேலே மூன்றாவது மாடியில் கமிட்டி அறை. நான் கமிட்டியின் செயலாளர். போன வருஷம் பெரிய வெள்ளியில், நண்பகல் முதல் மூன்று மணிவரை நடக்கும் மும்மணி ஆராதனையில், எல்லோரும் மௌனமாகத் தியானத்தில் இருந்தபோது யாருடைய போனோ ஒரு குத்துப் பாட்டைப் பாடியது. அதுவும் முழுப் பல்லவியையும். அந்த வாரமே நான் சுற்றறிக்கை தயார் செய்தேன். அடுத்த பெரிய வெள்ளி முதல், சபையார் தங்கள் போனை அணைத்து வாசலில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவருக்கு டோக்கன். போன்கள் தட்டுகளில் அடுக்கப்பட்டு, மூன்றாவது மாடிக் கமிட்டி அறையில் வைத்துப் பூட்டப்படும். மூன்று மணிக்கு ஆராதனை முடிந்தபின் திருப்பித் தரப்படும். விலக்கு யாருக்கும் இல்லை. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று முதல் டோக்கனை நானே எடுத்துக்கொண்டேன். என் போன்தான் முதலில் தட்டுக்குப் போனது.

வாசலில் வரிசை நகர்ந்துகொண்டிருந்தபோது அருள்ராஜ் வந்தார். நகரத்தின் ஓரத்தில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிற வாலிபர். அங்கேயே ஒரு விடுதியில் தங்கியிருக்கிறார்.

"ஐயா, இத ஆஃப் பண்ணாம வைக்கலாமா? வைஃப் நிறைமாசம். ஓசூர்ல அவங்க அம்மா வீட்ல இருக்கா."

"டாக்டர் எப்போன்னு சொல்லியிருக்கார்?"

"அடுத்த வாரம் ஐயா."

"அப்போ அடுத்த வாரம் ஆன் பண்ணிக்கோ தம்பி."

பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி கிரேஸ் என்னைப் பார்த்தாள். "ஏங்க, குழந்தை உங்க சர்க்குலரப் படிச்சிட்டுத்தான் பொறக்குமா?"

"ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்."

"விட்டாத்தான் என்ன? உங்க ஆஸ்தியா போகுது?"

அருள்ராஜ் சிரித்தபடி, "சரிங்க ஐயா" என்று போனைத் தட்டில் கவிழ்த்து வைத்தார். சரி என்றுதான் சொன்னார். அணைத்ததை நான் பார்க்கவில்லை.

இன்னொரு விவரமும் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி. காலை மாத்திரையை எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது என்பது டாக்டரின் விதி. ஆராதனை முடியும்வரை ஒன்றும் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் என் தகப்பனார் காலத்திலிருந்து இருக்கிற விதி. அன்று காலை இரண்டு விதிகளையும் ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றினேன். அந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. வழக்கமாகச் சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் வைத்திருப்பேன். உபவாச நாளில் மிட்டாயோடு ஆலயத்துக்குள் போவது நேர்மையில்லை என்று அதையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆராதனை தொடங்கியபின் தாமதமாக வந்த சிலரின் போன்களையும் சேர்த்துக் கடைசித் தட்டை எடுத்துக்கொண்டு நான் லிஃப்டில் ஏறினேன். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் கரண்ட் போனது.

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. விளக்கு அணைந்தது. மின்விசிறி இரண்டு சுற்று சுற்றி ஓய்ந்தது. நான் பயப்படவில்லை. இதற்கெல்லாம் நடைமுறை இருக்கிறது. அலாரப் பொத்தானை அழுத்தினேன். அது லிஃப்டின் கரண்டிலேயே ஓடுவது, ஆகவே அதுவும் செத்திருந்தது. பக்கத்தில் ஒரு தொலைபேசிக் கருவி இருந்தது. காதில் வைத்தேன், சத்தமே இல்லை. யாரும் பயன்படுத்தாத லைன் எதற்கு என்று கட்டடக் குழு அதைத் துண்டிக்கச் சொன்னபோது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்த ஒரே ஆள் நான்தான். ஆட்சேபம் பதிவாகியிருக்கிறது. இருட்டில் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பதிவானதால் எனக்கு ஏற்பட்ட பயன் என்ன என்று யோசித்தேன்.

கதவைத் தட்டினேன். கத்தினேன். வெளியே ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. ஆனால் அந்த ஜெனரேட்டர் ஆலயத்துக்கு மட்டும்தான். மைக்குக்குக் கரண்ட் வந்ததும், ஆலயத்துக்குள் இடமில்லாதவர்களுக்காக வளாகத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் போதகரின் குரல் மறுபடி எழுந்தது. அந்த ஒலிபெருக்கி இந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் கட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வார்த்தை ஒன்றும் அந்தப் பக்கம் போகவில்லை.

யாராவது தேடுவார்களா என்று பார்த்தேன். எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் ஆண்கள் பக்கம் இருப்பதாகக் கிரேஸ் நினைத்திருப்பாள். வாசலில் போன்களுக்குக் காவலாக இருப்பதாக ஆண்கள் நினைத்திருப்பார்கள். மூன்று மணிவரை யாரும் என்னைத் தேடக் காரணமில்லை. சரி, யாரையாவது கூப்பிடலாம் என்றால், இந்த ஊரில் எனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்களுடைய போன்கள் ஒன்று மேலே பூட்டிய அறையில் இருந்தன, இல்லையென்றால் என் கையிலிருந்த தட்டில் இருந்தன.

தட்டைத் தரையில் வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். அப்போதுதான் கை நடுங்குவதைக் கவனித்தேன். முதுகெல்லாம் வேர்த்திருந்தது. புழுக்கம் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். பிறகு உதடு மரத்தது. சர்க்கரை இறங்குகிறது என்று அப்போது புரிந்தது. அதற்கான நடைமுறையும் எனக்குத் தெரியும். உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும். இனிப்பு வீட்டில் மேஜைமேல் இருந்தது.

என் போனும் அந்தத் தட்டிலேயே இருந்தது; எல்லோரும் பார்க்கட்டும் என்று முதல் தட்டை வாசலிலேயே வைத்திருந்து கடைசியாகத்தான் எடுத்து வந்திருந்தேன். தடவி எடுத்து ஆன் செய்தேன். அது சிம்முக்கான ரகசிய எண்ணைக் கேட்டது. போன் தொலைந்தால் யாரும் சிம்மைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று, எல்லோருக்கும் நான் சொல்கிற பாதுகாப்பு முறைப்படி, நானே வைத்த எண். எனக்கு அது நினைவு வரவில்லை. கல்யாண வருஷத்தைப் போட்டேன், இல்லை. ஓய்வு பெற்ற வருஷத்தைப் போட்டேன், இல்லை. மூன்றாவதாக என்ன போட்டேன் என்று தெரியவில்லை. சிம் பூட்டிக்கொண்டது. பூட்டிய பிறகும் அந்தத் திரையிலிருந்தே அவசர எண்ணை அழைக்கலாம். அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த நிமிஷத்தில் அது எனக்குத் தெரியவில்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் சுருங்கிக்கொண்டே வருவதுபோல் இருந்தது. காற்று இருந்தது, ஆனால் போதவில்லை. ஒலிபெருக்கியில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தைத் தியானம் தொடங்கியது. அது தாகத்தைப் பற்றியது. என் நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. எழுந்திருக்க முயன்றேன், கால் கேட்கவில்லை. நான்கு சுவரும் கைக்கெட்டும் தூரத்தில். நூறு பேர் கூப்பிடு தூரத்தில். இப்படியே முடியும், மூன்று மணிக்குப் போனைக் கேட்டு வருகிறவர்கள்தான் என்னைக் கண்டெடுப்பார்கள், டோக்கன்படி திருப்பித் தர ஆளிருக்காது என்று ஒரு எண்ணம் ஓடியது. அதன் பிறகு எண்ணங்கள் துண்டு துண்டாகிவிட்டன.

நான் ஜெபிக்காதவன் இல்லை. ஆனால் என் ஜெபம் மனுபோல இருக்கும். பொருள், முன்நிகழ்வு, கோரிக்கை, நன்றி. ஆண்டவருக்கு விவரம் போதாமல் போய்விடக் கூடாது என்று எல்லாவற்றையும் விளக்குவேன். கிரேஸ் ஒருமுறை கண்ணைத் திறந்து, "நகல் யாருக்கு அனுப்பணும்?" என்று கேட்டிருக்கிறாள். அன்று எனக்குப் பொருளும் வரவில்லை, கோரிக்கையும் வரவில்லை. எந்தக் கட்டடம் என்பதுகூட மங்கிவிட்டது. வாயில் வந்தது இவ்வளவுதான்: "ஆண்டவரே, நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும். யார்கிட்டயாவது சொல்லும்."

ஆமென் சொன்னேனா என்று நினைவில்லை. தட்டில் ஒரு போனின் ஓரத்திலிருந்து வெளிச்சம் கசிந்தது.

கவிழ்த்து வைத்திருந்த போன். ஏதோ செய்தி வந்து திரை எரிந்திருக்கிறது. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்த நிலையிலும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அணைக்காமல் கொடுத்தது யார் என்று பார்க்கத்தான் அதை எடுத்தேன். பூட்டிய திரையில் ஒரு பெண்ணின் படம். கீழே அவசர அழைப்பு என்ற எழுத்து. விரல் தானாக அதன்மேல் போனது. எண்களை அழுத்தியது எப்படி என்று எனக்குத் தெரியாது.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதி பின்னால் எனக்குச் சொல்லப்பட்டது. என்னை மீட்க வந்த ஹெட் கான்ஸ்டபிள், கோலார் பக்கத்துக்காரர், மருத்துவமனைக்கு வந்து பார்த்தபோது சொன்னார்.

கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் எடுத்திருக்கிறார். "நமஸ்காரா, ஹேளி சார், ஏனாயித்து?" என்று கன்னடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். நான் தமிழில் முனகியதும் தமிழுக்கு மாறியிருக்கிறார்.

"சொல்லுங்க சார், எங்க இருக்கீங்க?"

"எக்ஸ்சேஞ்ச். ட்ரங்க் ரூம்."

"எந்த எக்ஸ்சேஞ்ச் சார்?"

"ரிலீவர் வரல. டியூட்டி முடியல."

இளம் வயதில் நான் இரவுப்பணி பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அது; ட்ரங்க் ரூம் என்பது வெளியூர் அழைப்புகளை இணைக்கும் அறை. அந்தக் கட்டடமே இப்போது இல்லை.

அந்தப் பெண்ணின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் தொழில் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன். அவருக்கு முன்னால் மூன்று இடங்கள் இருந்தன. சிம் வாங்கியபோது கொடுத்த முகவரியைப் பார்த்தால், அழைப்பவர் பெயர் அருள்ராஜ், இருப்பது பொம்மசந்திராவில். அழைப்பவர் வாயால் சொல்வது, எப்போதோ இடித்துவிட்ட ஒரு எக்ஸ்சேஞ்ச். அழைப்போடு வந்த இருப்பிடமோ ஆஸ்டின் டவுனில் ஒரு வட்டம். போன் எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது, கோபுரத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் போடுகிற வட்டம் பெரிதாக இருக்கும். அதற்குள் தெருக்கள் அடங்கும். புதுப் போன்களில் சில, அவசர அழைப்பின்போது தானே விழித்துக்கொண்டு, சுற்றியுள்ள வைஃபை முதலியவற்றைப் பார்த்துத் தன் இடத்தைக் கணித்து அனுப்பும். அப்போது வட்டம் சிறிதாகும். அன்று எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் வட்டம் தரையில்தான் விழும். மேலே எந்த மாடி, எந்தப் பெட்டிக்குள் என்று அது சொல்லாது.

"மேடம் வயர்லெஸ்ல சொன்னாங்க சார்," என்றார் ஹெட் கான்ஸ்டபிள். "ஆளு எக்ஸ்சேஞ்ச்னு சொல்றாரு, பின்னால தமிழ்ல பிரசங்கம் கேக்குது. எக்ஸ்சேஞ்ச்ல யார் சார் பிரசங்கம் பண்ணுவாங்க? மேப்ல பாத்தா சர்ச். போங்கன்னுட்டாங்க."

அந்தப் பெண் என்னிடம் கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. "சார், போன் கட் ஆனா நான் திருப்பி அடிப்பேன். எடுக்க முடியலன்னா பரவாயில்ல. அடிக்கட்டும், விடுங்க." பிறகு லைன் கட்டாகிவிட்டதாம்.

ஹெட் கான்ஸ்டபிளும் இன்னொரு காவலரும் வளாகத்துக்குள் வந்தபோது ஆறாம் வார்த்தைத் தியானம் முடிந்து மௌன ஜெபம். ஒலிபெருக்கியில் சத்தமில்லை. முற்றம் முழுக்க மக்கள், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். யாரும் விழுந்து கிடக்கவில்லை, யாரும் உதவி கேட்கவில்லை. வாசலில் நின்ற கமிட்டி உறுப்பினர் ஒருவர் வாயில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறார்.

"இங்க யாரோ கூப்டிருக்காங்க சார்."

"இங்கேர்ந்து யாரும் கூப்பிட முடியாதுங்க. எல்லார் போனும் பூட்டி வெச்சிருக்கு. எங்க செகரெட்டரி ரொம்ப ஸ்ட்ரிக்டு."

இந்தப் பதிலுக்குப் பிறகு அவர்கள் திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஹெட் கான்ஸ்டபிள் போகவில்லை. கட்டுப்பாட்டு அறை கொடுத்த எண்ணைத் தன் போனில் அழுத்தினார். அழுத்திவிட்டு அசையாமல் நின்றார்.

அந்த மௌனத்தில், கண் மூடிய அத்தனை பேர் தலைக்கு மேலே எங்கோ, ஒரு போன் பாட ஆரம்பித்தது. அதுவும் சினிமாப் பாட்டு. சென்ற வருஷம் பாடியதைவிட மோசமானது என்று கிரேஸ் சொல்கிறாள். ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. சபையார் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் இரண்டாவது வரிசையிலிருந்த அருள்ராஜ் மட்டும் எழுந்து, "அது என் போன்" என்று படிக்கட்டைப் பார்த்து ஓடினார். அவர் நினைத்தது ஓசூரை. காவலர்கள் அவர் பின்னால் ஓடினார்கள். சத்தம் வந்தது கமிட்டி அறையிலிருந்து அல்ல, லிஃப்டின் கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஒளகே யாரு இதீரா?" என்று யாரோ உள்ளே ஆளிருக்கிறார்களா எனக் கேட்டது எங்கோ கிணற்றின் மேலிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது. பதில் சொல்ல நினைத்தேன். என் கையில் போன் பாடிக்கொண்டே இருந்தது. அதுவே பதில் சொன்னது.

கதவைத் திறந்து, பாதி உயரத்தில் நின்ற லிஃப்டிலிருந்து என்னை இழுத்து எடுத்தார்கள். காவலர்கள் வரவழைத்த ஆம்புலன்ஸின் ஊழியர் படிக்கட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றினார். கண் திறந்தபோது கிரேஸின் மடியில் தலை இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் முதலில் என்ன பேசினேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவருவதால் மறைத்துப் பயனில்லை. "அந்தப் போனுக்கு டோக்கன் இருக்கா?" என்று கேட்டேனாம்.

"உசுர் வந்துடுச்சு," என்றாளாம் அவள். "இனி பயமில்ல."

இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மூளைக்குச் சேதம் ஆகியிருக்கும், அல்லது அதுவும் இல்லாமல் எல்லாமே முடிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். மருத்துவமனையில் படுத்திருந்தபடி நான் கணக்குப் பார்த்தேன். மாத்திரை, உபவாசம், ரகசிய எண், சுற்றறிக்கை என்று நான் சரியாகச் செய்தவை எல்லாம் சேர்ந்து என்னை அந்தப் பெட்டிக்குள் அடைத்தன. மனைவிமேல் பிரியமுள்ள ஒரு வாலிபர் என் பேச்சைக் கேட்காததால் வெளியே வந்தேன். இதைத் தற்செயல் என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. முன்பு என்றால் விடமாட்டேன். ஆனால் எனக்குத் தெரியாத இடத்தைச் சொல்லும்படி நான் கேட்டேன், கேட்ட வாய் மூடுமுன் வெளிச்சம் வந்தது. அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தது நான், அவர்கள் அல்ல.

அருள்ராஜுக்கு ஈஸ்டர் முடிந்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்தது ஞாயிறு ஆராதனை நேரத்தில். போனை எடுத்து அவரை வெளியே கூப்பிட்டது நான்தான். ஏனென்றால் இப்போது சுற்றறிக்கை மாறிவிட்டது. போன்கள் வாசலிலேயே இருக்கும். அணைக்க முடியாதவர்கள் அணைக்க வேண்டாம். தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஒலித்தால் எடுத்து உரியவரிடம் சொல்வார். அந்த ஒருவர் நான். பிரசங்கத்தில் பாதி எனக்குக் கேட்பதில்லை. முன்பு முழுதும் கேட்டு என்ன செய்தேன் என்று யோசிக்கிறேன். லிஃப்டுக்குத் தொலைபேசி லைன் திரும்ப வந்துவிட்டது. பையில் மிட்டாய், பெரிய வெள்ளியானாலும் இருக்கும். ஜெபம் சுருங்கிவிட்டது. கிரேஸ் கண் திறந்து பார்க்குமுன் முடிந்துவிடுகிறது.

பிரியமானவர்களே, கடன், நோய், பிள்ளைகளின் காரியம் என்று கதவில்லாத ஏதோ ஒன்றுக்குள் இதை வாசிக்கிற உங்களில் சிலர் உட்கார்ந்திருக்கலாம். சரியான வார்த்தை வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். முகவரி தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. நான் இல்லாத கட்டடத்தின் பெயரைத்தான் சொன்னேன். கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் கேட்கிறவருக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரியும்.

பழக்கம் முழுவதும் போய்விடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் இருப்பிடம் எந்த முறையில் கண்டறியப்பட்டது, கோபுரத்தாலா, அந்தப் போனே சொன்னதா, வட்டம் எவ்வளவு பெரிது என்றெல்லாம் கேட்டு உரிய அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஜூலை மாதம் மனு போட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் நன்றியைத் தெரிவிக்கும்படியும் கடைசியில் எழுதியிருந்தேன். அனுமதிக்கப்பட்ட அவகாசத்தின் கடைசி நாளில் பதில் வந்தது. கன்னடத்தில் மூன்று வரி. அழைப்பு பெறப்பட்டது. இருப்பிடம் அறியப்பட்டது. உதவி அனுப்பப்பட்டது.

எந்த முறையில் என்பதற்குப் பதில் இல்லை. மேல்முறையீடு செய்யலாம், அதற்கான வழி எனக்கு நன்றாகத் தெரியும். செய்யவில்லை. சபையில் சாட்சி சொல்ல எழுந்து நின்றால் அந்த மூன்று வரிக்கு மேல் எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. கடிதத்தைக் கிரேஸிடம் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவள் ஆமென் என்றாள். பதில் வந்த தேதி ஆகஸ்ட் பதினான்கு; அதை மட்டும் பழக்கப்படி குறித்து வைத்திருக்கிறேன்.